பேசாத மாமாவின் சாவிக்கொத்து

ஏப்ரல் 6

தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். மூன்று வருடம் கழித்து எழுதுகிறானே, என்ன ஆயிற்றோ என்று பதறாதே. விஷயம் சின்னது. எட்டு வயதுக்காரி சம்பந்தப்பட்டது.

சுண்டுவுக்குப் பள்ளி விடுமுறை. எங்கே போகலாம் என்று கேட்டேன். கடல், மலை, மிருகக்காட்சி சாலை என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் மசியவில்லை. உங்கள் வானொலி நிலையத்துக்கு வந்து 'தகரப்பெட்டி' நிகழ்ச்சியைப் பார்க்க வேண்டுமாம். அதில் வருகிற பேசாத மாமாவை நேரில் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். சனிக்கிழமை ஆறு மணி ஆகிவிட்டால் அவளை இடி விழுந்தாலும் ரேடியோ முன்னாலிருந்து எழுப்ப முடியாது. அந்த நேரத்தில் நான் நடக்கப் போய்விடுவேன். அதனால் அந்த மாமா யார், ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அங்கே சத்தங்களெல்லாம் எழுப்புவது தன் அத்தைதான் என்று வகுப்பில் பெருமையடித்திருக்கிறாள். யாரும் நம்பவில்லை. "புளுகுமூட்டை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தக் கடிதம் அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமைக்கு மூன்று அனுமதிச்சீட்டு அனுப்பு. பார்வையாளர்களாக வருவோம், பார்ப்போம், போவோம். நீயும் நானும் பேசியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று உன் அண்ணி சொல்கிறாள். கடிதம் போதும்.

அவளுக்கு நீ அனுப்பிய பிறந்தநாள் அட்டையில் 'தகர பெட்டி' என்று எழுதியிருக்கிறாய். ப் எங்கே? என் பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மாதம் மெய்ப்புத் திருத்திய பெண் எழுதுகிற எழுத்தா இது?

இன்னொன்று. அன்று வீட்டை விட்டுப் போகும்போது என் சாவிக்கொத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பூட்டை உடைத்து வேறு பூட்டுப் போட வேண்டியதாயிற்று. திருப்பிக் கேட்கவில்லை. சொல்லி வைக்கிறேன்.

அண்ணன்.


ஏப்ரல் 12

அன்புள்ள அண்ணா,

மூன்று வருடத்தில் மூன்று பிறந்தநாள் அட்டை அனுப்பினேன். ஒன்றுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. விட்டுப்போன ஒரே ஒரு ப்-க்குப் பதில் வந்திருக்கிறது. தெரிந்திருந்தால் முதல் அட்டையிலேயே நாலு ஒற்றெழுத்தை விழுங்கியிருப்பேன்.

வாருங்கள். மூன்று பேரும் வாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன், அதிலும் பிழை பார்ப்பீர்கள்.

ஆனால் நானும் ஒன்று சொல்லி வைக்கிறேன். அச்சக வேலையை விட்டுவிட்டு வானொலியில் சத்தம் எழுப்பப் போகிறேன் என்று சொன்ன அன்று, "படிக்க வச்சது வாளியத் தட்டவா?" என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டார் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை மட்டும் என்னால் இன்னும் முழுங்க முடியவில்லை. வாளி இருக்கிறது அண்ணா. நீங்கள் வருகிற வாரக் கதையில் அதுதான் ஓடுகிற ஆறு.

இப்போது விதிமுறைகள். நிகழ்ச்சி நேரலை. ஒரு சத்தம் வெளியே போய்விட்டால் போனதுதான், அழிக்க ரப்பர் கிடையாது. அண்ணியிடம் வளையலைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள். கிறீச்சிடும் செருப்பு வேண்டாம். சிவப்பு விளக்கு எரிந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. போன மாதம் ஒரு பார்வையாளர் தும்மிவிட்டார். கதையில் வந்த சிங்கத்துக்கு ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தோம். தயாரிப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் பார்வையாளர் வரிசையையே எடுத்துவிடுவேன், அழைத்து வந்தவருக்கும் வேலை இருக்காது என்றார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிறவர் இல்லை.

பேசாத மாமாவைப் பார்க்க முடியாது என்று சுண்டுவிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாவிக்கொத்தா? எந்தச் சாவிக்கொத்து?

உங்கள் தங்கை.


ஏப்ரல் 19

தங்கைக்கு,

சத்தம் போடக் கூடாது என்று யாரிடம் சொல்கிறாய்? இருபத்திரண்டு வருடமாகச் சத்தமே இல்லாத வேலை பார்க்கிறவன் நான். அச்சகத்தில் என் அறையில் பென்சில் சீவினால்கூட வெளியே போய்ச் சீவ வேண்டும். என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வராது. அதற்கு நான் பொறுப்பு.

சுண்டு இருமாமல் இருக்கப் பழகுகிறாள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கி முகம் சிவந்து நிற்கிறாள். வீடு மூன்று நாளாக நிம்மதியாக இருக்கிறது. அந்த நன்றி உனக்கு உண்டு.

வாளியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

ஐந்து சாவி, ஒரு பித்தளை வளையம். வீடு, அலமாரி, சைக்கிள், அச்சக மேசை. ஐந்தாவது எந்தப் பூட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சாவிக்கொத்து.

அண்ணன்.


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணா,

சீட்டு மூன்று இதோடு வைத்திருக்கிறேன். ஐந்தரைக்கு வாசலில் இருங்கள். சீட்டில் 'தகர பெட்டி' என்று அச்சடித்தது நான் இல்லை, அலுவலகம். அங்கே வந்து சிவப்பு மையை எடுத்துவிடாதீர்கள்.

தங்கை.


மே 12

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மன்னிப்பு. உன் வேலை போய்விட்டதா, இருக்கிறதா? ஒரே வரியில் உடனே எழுது. மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை சிவப்பு விளக்கு அணைந்ததும் இவர்கள் இருவரையும் இழுத்துக்கொண்டு வெளியேறியது நாகரிகம் இல்லைதான். அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ரயிலில் உன் அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. சுண்டு மட்டும் எதிர் இருக்கைக்காரர், தேநீர் விற்றவர், டிக்கெட் பரிசோதகர் எல்லோரிடமும் "எங்க அப்பா ரேடியோல பேசிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பார்த்ததை எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

குளிர்பதனப் பெட்டிக் கதவு மாதிரி கனமான அந்தக் கதவைத் தாண்டியதும் என் காது அடைத்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை, தரையெல்லாம் தடித்த விரிப்பு. சத்தம் உண்டாக்குகிற இடம் இவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என் அறையைவிட நிசப்தம். ஒரு பக்கம் நடிகர்கள் காகிதத்தோடு நிற்கிறார்கள். மறுபக்கம் நீ. வெறுங்கால், பருத்திச் சட்டை, கையில் ஒரு மோதிரம்கூட இல்லை. உன்னைச் சுற்றி, காயலான் கடையைக் கவிழ்த்துக் கொட்டின மாதிரி ஒரு குவியல். குடை, தகரத்தட்டு, மாவுப்பை, பழைய ஒலிநாடாச் சுருள், சட்டத்தில் மாட்டிய ஒற்றைக் கதவு, பலகையில் அறைந்த சைக்கிள் ஸ்டாண்டு. சைக்கிளைக் காணோம். சற்றுத் தள்ளி அந்த வாளி. இதற்கா இவள் இத்தனை படித்தாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். மறைக்கவில்லை.

பிறகு விளக்கு எரிந்தது. குடையை நீ படபடவென்று விரித்து மூடினாய், ஒரு கொக்கு எழுந்து பறந்துபோனது. மாவுப்பையை அழுத்தினாய், யாரோ மணலில் நடந்தார்கள். நாடாச் சுருளைக் கசக்கினாய், புல் விலகியது. நடிகர் வாய் திறப்பதற்கு அரை நொடி முன்னால் உன் கை போய்ப் பொருள்மேல் நிற்கிறது, ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. நாற்பது நிமிடத்தில் ஒரு பிழை இல்லை. பிழை பிடித்தே பிழைக்கிறவன் சொல்கிறேன், நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் தேடினேன்.

உன் வசனத்தாள் எனக்கு இரண்டடி தூரத்தில் தாங்கியில் இருந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிகள். சேர்க்க ஒரு கூரை, நீக்க ஒரு சுழி, இடம் விட ஒரு கோடு. என் மெய்ப்புக் குறிகள். இங்கே இடி சேர், இங்கே காலடி நீக்கு, இங்கே ஒரு மூச்சு இடம் விடு. ஆறு மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்தது தண்டமாகப் போயிற்று என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கதைசொல்லி எங்கள் பக்கம் திரும்பி, இனி வருகிற பகுதியை வீட்டில் கேட்கிற பிள்ளைகள் மாதிரி கண்ணை மூடிக் கேளுங்கள் என்று சைகை காட்டினார். மூடினேன். அதுதான் தப்பு.

தகரத்தட்டில் நீ பருப்பைக் கொட்டினாயோ என்னவோ, எனக்கு மழைதான் பெய்தது. இருட்டுகிற நேரம், ஒரு சின்னப் பெண் வீட்டில் தனியாக இருக்கிறாள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு விழுகிறது. ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. ஒரு செருமல். இடது கால் செருப்பு மட்டும் கொஞ்சம் இழுபடுகிறது. சாவிக்கொத்து இரண்டு முறை குலுங்குகிறது. உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கிறது: "யாரு?"

எனக்கு அது நடிகையின் குரல் இல்லை. உன் குரல். உனக்கு எட்டு வயதில் இருந்த குரல்.

நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. பன்னிரண்டு வருடம் தினமும் சொன்ன பதில், நாக்கு என்னைக் கேட்கவில்லை. "நான்தான், தொற" என்றேன். மெதுவாகக்கூட இல்லை.

கண்ணைத் திறந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தயாரிப்பாளர் அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நீ அந்த ஒற்றைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தாய். அந்தச் சத்தமும் வெளியே போனது.

ஒரு சத்தம் வராது, நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தவன் நான். வேலை போயிருந்தால் நானே வந்து அந்த அம்மாவிடம் பேசுகிறேன். எழுது.

அண்ணன்.


மே 17

அன்புள்ள அண்ணா,

வேலை இருக்கிறது. நீங்கள் கேட்ட ஒரு வரி அது. இனி நான் கேட்கிற வரிகள்.

விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் அம்மா வெளியே வந்தார். யார் அந்த மனிதர் என்று கேட்டார். என் அண்ணன் என்றேன். எங்கே என்றார். திரும்பிப் பார்த்தால் உங்கள் நாற்காலி ஆடிக்கொண்டிருக்கிறது, ஆளைக் காணோம். அவர் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "ஓடறதுக்கு மட்டும் சத்தம் வரல" என்றார். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வெள்ளிக்குள் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாம் பிள்ளைகள் எழுதியவை. மூன்று வருடமாகப் பேசாத மாமா பேசிவிட்டார், ஊரில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, அது பிழை இல்லை, அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். உங்கள் பாஷையில் சொன்னால், திருத்தாமல் அச்சுக்குப் போகலாம்.

தாளில் என்ன இருந்தது என்று தெரியாது என்றீர்கள். மாமா வழக்கம்போலப் பதில் சொல்லாமல், கொண்டு வந்த தின்பண்டப் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கதவு திறக்கவே கூடாது. நீங்கள் வெளியே நிற்கும்போது நான் எப்படித் திறக்காமல் இருப்பேன்?

நான் இங்கே சேர்ந்த புதிதில், வாசலில் யாராவது வந்து நிற்பது மாதிரி ஒரு சத்தம் செய்து காட்டு என்றார்கள். என் கைக்கு வேறு யாரும் வரவில்லை அண்ணா. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பள்ளி விட்டு வந்து உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் தட்டினாலும் திறக்காதே, ஸ்டாண்டு ரெண்டு தடவை, சாவி ரெண்டு தடவை, அப்புறம் யாருன்னு கேளு, நான்தான்னு சொன்னாத்தான் திறக்கணும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். தெருவில் போகிற ஒவ்வொரு சத்தத்தையும் நான் பிரித்துப் பிரித்துக் கேட்டுப் பழகியது அந்த ஒரு மணி நேரத்தில்தான். பால்காரர் சைக்கிள் இது, கணக்கு வாத்தியார் செருப்பு இது, இது என் அண்ணா இல்லை, இதுவும் இல்லை, இது என் அண்ணா. இந்த வேலையை நான் எங்கே படித்தேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நீங்கள் படிக்க வைத்தது வீணாகவில்லை.

அந்த மாமா ஏன் பேசுவதில்லை என்று எல்லோரும் கேட்பார்கள். என்னால் ஸ்டாண்டைச் செய்ய முடிந்தது, செருப்பைச் செய்ய முடிந்தது, செருமலைக்கூடச் செய்துவிட்டேன். உங்கள் குரலைச் செய்ய வரவில்லை. வேறு நடிகரைப் போடலாம் என்றார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. அவர் அப்படித்தான், கோபக்காரர், பேசமாட்டார் என்று சொல்லிவிட்டேன்.

சரி, சாவிக்கொத்து. எடுத்தேன். தெரிந்தேதான் எடுத்தேன், இப்போது போட்டுக்கொள்ளுங்கள் உங்கள் சிவப்புக் கோடு. வேறு நாற்பது சாவிக்கொத்து குலுக்கிப் பார்த்துவிட்டேன், எதுவும் நீங்கள் வருகிற மாதிரி இல்லை. எந்தப் பூட்டுக்கும் சேராத அந்த ஐந்தாவது சாவி இருக்கிறதே, அது கொஞ்சம் நீளம், மற்றவற்றுக்குப் பிறகு தனியாக ஒரு தட்டுத் தட்டும். அந்தக் கடைசித் தட்டுதான் நீங்கள்.

வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையிலேயே கிடக்கிறது. ஆறு வயதாம். கோணல்மாணலாக ஒரே ஒரு வரி: "மாமாவுக்கு கோவம் போயிடுச்சா?" பிள்ளைகளின் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்பது இங்கே விதி. இதற்கு நான் பதில் எழுத முடியாது. சொல்லுங்கள், என்ன எழுதட்டும்?

உங்கள் தங்கை.


மே 22

அன்புள்ள அம்மாடி,

சுண்டுவின் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டிலிருந்து நேற்று வந்தார்கள். ரேடியோவில் கேட்டது என் குரல் என்று தெரிந்ததும் அத்தை நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டு போனார்கள். புளுகுமூட்டை என்கிற பெயர் இனி கிடையாது. அது எனக்குத்தான் பொருந்தும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பேசாத மாமாவை நேரில் பார்த்தால் என்ன கேட்பதாக இருந்தாய் என்று சுண்டுவிடம் கேட்டேன். "அத்தகூட ஏன்ப்பா பேச மாட்டேங்கறீங்கன்னு" என்றாள். அவள் என்றைக்கோ கண்டுபிடித்துவிட்டாளாம். மாமா என்னை மாதிரியே செருமுகிறார் என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள், நான்தான் அதட்டி விரட்டினேனாம். ஆக வீட்டில் எல்லோருக்கும் காது இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

இந்தச் சனிக்கிழமை நான் நடக்கப் போவதில்லை. ஆறு மணிக்கு உட்காருகிறேன்.

வாளி என்று நான் சொன்னது தப்பு. பக்கத்து வீட்டார் காதில் விழும்படி சொன்னது அதைவிடத் தப்பு. அன்று நீ ஆற்றை ஓடவிட்டபோது என் கால் நனைந்துவிடும் போல இருந்தது. உன்னைப் போல வேலை தெரிந்த ஒருவரை நான் என் அச்சகத்தில் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டாரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை, பரவாயில்லை.

அந்தக் குழந்தையின் கடிதத்தில் 'மாமாவுக்கு'க்குப் பிறகு ஒரு க் வேண்டும். திருத்தாதே. கோபம் போய்விட்டது என்று பதில் எழுது.

இப்போது பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் பூட்டை உடைக்கவில்லை. உன் அண்ணியிடம் இன்னொரு சாவி இருந்தது. அதே பூட்டுதான் இன்றும் தொங்குகிறது. வருடத்துக்கு இரண்டு முறை நானே எண்ணெய் விடுகிறேன். கடையில் புதிது பார்க்கும்போதெல்லாம் உன் அண்ணி மாற்றிவிடலாம் என்பாள், வேண்டாம் என்பேன். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

விடுப்பு எடுத்துக்கொண்டு, சாவிக்கொத்தோடு வா. நிகழ்ச்சிக்கு அந்தச் சாவி வேண்டும் என்றால் திரும்பக் கொண்டுபோய்க்கொள். வாசலில் வந்து தட்டாதே. இரண்டு முறை குலுக்கு. உள்ளேயிருந்து யாரு என்று நான் கேட்பேன்.

உன் அண்ணன்.